களைந்தவரா, களைத்தவரா? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். பாலக்கோட்டில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பட்டா மாறுதல் மனு என்று எல்லாம் அடிப்போம். பத்து வருஷமாக விரல் தமிழிலேயே ஓடுகிறது, ஆனால் நான் படித்தது எலக்ட்ரிகல் டிப்ளமோ. சந்தேகம் வந்தால் உங்கள் தளத்தில் தேடிப் பார்ப்பேன். இந்தச் சந்தேகத்துக்கு அங்கே விடை கிடைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. தக்காளி மார்க்கெட்டில் முப்பது வருஷம் லோடுமேனாக இருந்த பெரியவர் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃபிளெக்ஸ் வேண்டும். மகன் ஒரு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தார்: 'பலரின் சுமையைக் களைத்தவர்.' அப்படியே அடித்தேன். புரூஃப் பார்க்க வந்த அவருடைய மாமா, ரிட்டயர்டு வாத்தியார், 'களைத்தவர் இல்லப்பா, களைந்தவர். களைத்தவர்னா அசந்துபோனவர்னு அர்த்தம்' என்றார். மகனுக்கு முகம் வாடிவிட்டது. 'உடைந்தது, உடைத்தார். கலைந்தது, கலைத்தார். ஒருத்தர் செஞ்சா த்த தானே மாமா வரணும்?' என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாமாவுக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை.

பெரியவரைப் பற்றி மகன் சொன்னதையும் எழுதுகிறேன். மார்க்கெட்டுக்கு வயசான பெண்கள் தலையில் கூடையோடு வந்தால், தன் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் இறக்கிவைப்பாராம். கந்துவட்டியில் மாட்டிக்கொண்ட இரண்டு பேருக்காகத் தானே போய்ப் பேசி, அசலோடு முடித்துக்கொடுத்தாராம். அதனால் 'சுமை' என்ற சொல் மட்டும் இருந்தே ஆகவேண்டும் என்கிறார் மகன்.

எது சரி அக்கா? களைப்பும் களைவதும் ஒரே சொல்லா? இன்னொன்று. கடைக்கு வந்த ஒரு காலண்டரில் 'இடர் களையாய்' என்று போட்டிருந்தது. 'களைய மாட்டாய்' என்றுதானே அதற்கு அர்த்தம்? சாமியிடம் அப்படியா கேட்பார்கள்?

பெயர் போட வேண்டாம். அந்தக் குடும்பம் படித்தால் சங்கடப்படும்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

காரியத்துக்கு நாள் நெருங்கிவிட்டதால் சுருக்கமான விடையை அன்றே உங்களுக்கு மடலில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வாத்தியார் சொன்னதுதான் சரி. துன்பத்தை நீக்கியவர் களைந்தவர். அசந்துபோனவர் களைத்தவர். களைகிறேன், களைந்தேன், களைவேன் என்று போவது ஒரு வினை. களைக்கிறேன், களைத்தேன், களைப்பேன் என்று போவது இன்னொரு வினை. அகராதியில் முதலாவதைக் 'களைதல்' என்றும் இரண்டாவதைக் 'களைத்தல்' என்றும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.

ஆனால் அந்த மகன் கேட்ட கேள்வி தப்பான கேள்வி இல்லை. தமிழைக் காதால் கற்றவர் கேட்கிற கேள்வி அது. உடைந்தது–உடைத்தார், கலைந்தது–கலைத்தார், நனைந்தது–நனைத்தார், வளைந்தது–வளைத்தார். தானாக நடந்தால் 'ந்த', ஒருவர் செய்தால் 'த்த'. பேசத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கணக்கு நம் காதில் பதிந்திருக்கிறது. அதனால்தான் ஒருவர் முனைந்து செய்த நல்ல காரியத்துக்கு அவர் காது 'த்த'வைத் தேடியிருக்கிறது.

களை என்ற வினையில் இந்தக் கணக்கு தலைகீழ். களைந்தார் என்றால் 'எதை?' என்று கேட்கலாம்: துயரை, உடையை, குறையை. களைத்தார் என்றால் 'எதை?' என்று கேட்க முடியாது. உடம்பு சோர்ந்தது, அவ்வளவுதான்.

இதற்குத் துணையாக வேறு சொற்கள் இருக்கின்றனவா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். மாவைப் பிசைந்தாள். கோலம் வரைந்தாள். பானை வனைந்தார். சேற்றை அளைந்தான். பூ மாலை புனைந்தாள். எல்லாவற்றிலும் 'ந்த'தான், எல்லாவற்றுக்கும் 'எதை?' உண்டு. அத்தனையும் கையால் செய்கிற வேலை என்பதைக் கவனித்தீர்களா? இது இலக்கண விதி என்று சொல்ல வரவில்லை. உடைப்பதும் வளைப்பதும்கூடக் கையால்தான் நடக்கிறது. ஆனாலும் இந்த வரிசையில் களைந்தாள் என்பதைச் சேர்த்துப் படித்தால் அது தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 'பிசைந்தவர், வரைந்தவர், களைந்தவர்' என்று மூன்று முறை சொன்னால் போதும், காது பழகிவிடும்.

களைதல் கையால் செய்கிற வேலை என்பதை நான் சொல்லில் கற்கவில்லை. காட்டில் கற்றேன்.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். மானாவாரி நிலம், ராகிதான் விதைப்போம். ஆடியில் மழை பார்த்து விதைத்தால் ஆவணியில் முதல் களை. லீவு நாளில் அம்மாவோடும் அத்தையோடும் நானும் வரிசையில் உட்காருவேன். ராகி நட்டிருந்தால் பிரச்சினை இல்லை, வரிசைக்கு நடுவே முளைத்ததெல்லாம் களை. எங்கள் காட்டில் கைவிதைப்பு. பயிரும் களையும் ஒன்றாகவே முளைத்திருக்கும். அதிலும் ஒரு புல் உண்டு, இளசாக இருக்கும்போது அச்சு அசல் ராகி மாதிரியே இருக்கும். இலை அதே மாதிரி, பச்சை அதே மாதிரி. கொஞ்சம் வளர்ந்து கதிர் விட்டால் யாருக்கும் தெரிந்துவிடும், ஆனால் அதற்குள் அது பயிரின் சத்தை உறிஞ்சி முடித்திருக்கும். விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கினால்தான் உண்டு.

முதல் நாள் நான் பிடுங்கிப் போட்டதில் பாதி ராகி. அத்தை திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புல்லையும் ராகியையும் என் கைக்கு ஒன்றாகக் கொடுத்தாள். 'கண்ணால பாக்காத கண்ணு, அடியில தொட்டுப் பாரு' என்றாள். தொட்டுப் பார்த்தேன். புல்லின் அடித்தண்டு தட்டையாக, வெளுத்து, தரையோடு படுத்திருந்தது. ராகி நிமிர்ந்து நின்றது. அதற்கப்புறம் வரிசைக்கு நடுவே களைக்கொத்தால் கொத்துவதும், பயிரின் தூருக்குப் பக்கத்தில் வந்ததும் கொத்தைக் கீழே வைத்துவிட்டு விரலால் பிடுங்குவதும் பழகியது. இடது கை பயிரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், வலது கை களையை இழுக்கும். வேரில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு வரப்பில்தான் எறிய வேண்டும். ஈர மண்ணில் அங்கேயே போட்டால் மறுபடியும் வேர் பிடித்துக்கொள்ளும்.

பகலெல்லாம் களைந்தோம், பொழுது சாய்ந்ததும் களைத்தோம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது இந்த ஒரு வாக்கியம்தான். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவையா என்று ஊகம் செய்து உங்களைக் குழப்ப மாட்டேன். இன்றைய தமிழில் அவை இரண்டு சொற்கள், அப்படியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடது கையைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். களை என்ற வினைக்குச் செயப்படுபொருளாக என்னவெல்லாம் வருகிறது என்று பாருங்கள். உடையைக் களைகிறோம். அரிசியைக் களைகிறோம் – என் அம்மா 'அரிசி களஞ்சி வை' என்பார், இப்போது வீட்டில் எல்லோரும் 'கழுவு' என்கிறோம், அந்த நல்ல சொல் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஐயத்தைக் களைகிறோம். முரண்பாட்டைக் களைகிறோம். குறைகளைக் களைகிறோம். எல்லாவற்றிலும் ஒன்று இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியதை எடுக்க வேண்டும், ஒட்டப்பட்டது பத்திரமாக இருக்க வேண்டும். உடை போகும், உடம்பு இருக்கும். தவிடும் தூசியும் போகும், அரிசி இருக்கும். களை போகும், ராகி இருக்கும். துயர் களைதல் என்றால் துயர் போக வேண்டும், அந்த மனுஷன் முழுசாக இருக்க வேண்டும். 'நீக்கு' என்று சொன்னால் இந்தக் கவனம் அதில் இல்லை. 'அகற்று' என்றால் புல்டோசர் வந்து நிற்கிறது. ஆக்கிரமிப்பை அகற்றுகிறார்கள், யாரும் ஆக்கிரமிப்பைக் களைவதில்லை.

திருக்குறளில் இந்தச் சொல் வருகிற இரண்டு இடங்களைப் பாருங்கள். நட்பு அதிகாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த குறள்:

உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே
இடுக்கண் களைவதாம் நட்பு.

இடுப்புத் துணி நழுவினால் நாம் யோசிப்பதில்லை, கை தானாகப் போகிறது. நண்பனின் துன்பத்துக்கு அப்படிப் போகிற கைதான் நட்பு. இத்தனை வருஷம் படித்தும் சமீபத்தில்தான் எனக்கு ஒன்று பட்டது. களைதல் என்றால் உடையைக் கழற்றுவதும்தானே? உடை நழுவுவதைக் காட்டிவிட்டு, அதைப் பிடிக்க ஓடும் கையையும் காட்டிவிட்டு, அந்தக் கை செய்யும் வேலைக்கு 'களைவது' என்று பெயர் வைக்கிறார். ஒரே கை உடையைக் களையவிடாமல் பிடிக்கிறது, இடுக்கணைக் களைகிறது. எங்கள் அத்தையின் இரண்டு கையும் எனக்கு அதில் தெரிகின்றன.

இன்னொன்று பகையைப் பற்றியது. 'இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து.' முள்மரத்தை இளசிலேயே வெட்டிவிடு, முற்றிவிட்டால் களைகிறவரின் கையை அது பதம் பார்க்கும் என்கிறார். இங்கேயும் களையுநருக்குக் கை இருக்கிறது, அந்தக் கைக்குக் காயம் படுகிறது. எங்கள் பக்கம் சீமைக் கருவேலத்தை முற்றவிட்டுவிட்டு அப்புறம் வெட்டப் போனவர்கள் எல்லோருக்கும் இந்தக் குறள் புரியும்.

(ஒரு சின்ன விலகல். 'திருவிழா களைகட்டியது' என்று எழுதுகிறோமே, அந்தக் களை முகக்களை, பொலிவு. இந்தக் களையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. வள்ளுவர் 'பைங்கூழ் களைகட்டதனொடு நேர்' என்று எழுதியபோது களைகட்டுதல் என்றால் பயிரிலிருந்து களையைப் பிடுங்குவது. அதே எழுத்துகள், வேறு சொல். ஃபிளெக்ஸில் இரண்டும் உங்கள் கைக்கு வரும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.)

காலண்டர் விஷயத்துக்கு வருகிறேன். 'இடர் களையாய்' என்பது திருஞானசம்பந்தர் திருநெடுங்களத்தில் பாடிய பதிகம். நெடுங்களம் திருச்சி பக்கம். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் 'இடர்களையாய் நெடுங்களம் மேயவனே' என்று முடியும். அதனாலேயே அதற்கு இடர் களையும் பதிகம் என்று பெயர் வந்தது. உங்கள் சந்தேகம் நியாயமானது. இன்றைக்கு 'செய்யாய்' என்றால் நம் காதில் 'செய்ய மாட்டாய்' என்றுதான் விழும். பழைய தமிழில் 'ஆய்' என்ற இதே முடிவு ஏவலுக்கும் உண்டு. 'வாராய்' என்று கூப்பிட்டால் வா என்று பொருள். 'கேளாய்' என்றால் கேள். அதுபோல 'களையாய்' என்றால் களைந்தருள். எதிர்மறையா ஏவலா என்பது இடத்தைப் பொறுத்தது. முதல் பாட்டிலேயே இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன:

குறையுடையார் குற்றம்ஓராய் கொள்கையினால் உயர்ந்த
நிறையுடையார் இடர்களையாய் நெடுங்களம் மேயவனே.

'குற்றம் ஓராய்' என்றால் குற்றத்தைப் பார்க்க மாட்டாய். 'இடர் களையாய்' என்றால் இடரைக் களை. முதலாவது எதிர்மறை, இரண்டாவது வேண்டுதல், முடிவு ஒன்றே. இரண்டும் கருணையைத்தான் சொல்கின்றன. காலண்டர் அடித்தவர் தப்பாக அடிக்கவில்லை.

இதே வினையிலிருந்து 'களைகண்' என்று ஒரு சொல் இருந்தது. துன்பம் வந்தால் நீக்குவதற்கு இருக்கும் ஆள், பற்றுக்கோடு. தொண்டரடிப்பொடி ஆழ்வார் அரங்கனிடம் ஊர் இல்லை, காணி இல்லை, உறவு இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதுவிட்டு, 'ஆருளர் களைகண் அம்மா' என்று கேட்பார். எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று நாம் கேட்பதேதான். இந்தச் சொல் வழக்கிலிருந்து போனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். 'ஆதரவு' அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் ஆதரவில் துன்பத்தைப் பிடுங்கி எறிகிற வேலை இல்லை.

சரி, இப்போது சுமைக்கு வருவோம். இதில்தான் வாத்தியாரோடு எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. 'சுமையைக் களைந்தவர்' என்று போட்டால் இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் என் காதுக்கு அது சேரவில்லை. சுமை நம்மோடு ஒட்டி முளைத்தது இல்லை. தலைமேல் ஏற்றியது. அதைப் பிடுங்க வேண்டியதில்லை, இறக்கினால் போதும். சுமைக்குத் தமிழில் சொந்தமான வினை இறக்கு. அதுவும் லோடுமேனின் வினை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்றுதானே அவர்கள் சம்பளமே பேசுகிறார்கள்? அந்தப் பெரியவர் முப்பது வருஷமும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'இறக்கு, இறக்கு' என்று சொல்லியிருப்பார்! அவர் வாயில் புழங்கிய சொல்லை விட்டுவிட்டு வேறு சொல் எதற்கு?

இறக்கு என்பதை நாம் எங்கெல்லாம் சொல்கிறோம் என்று பாருங்கள். வெந்ததும் சோற்றை அடுப்பிலிருந்து இறக்குகிறோம். தேள் கொட்டினால் விஷத்தை இறக்கச் சொல்லி ஓடுகிறோம். வேண்டுதல் நிறைவேறினால் குழந்தைக்கு முடி இறக்குகிறோம். அங்கே இறங்குவது முடி மட்டும்தானா? பட்ட கடன் ஒன்றும் சேர்ந்து இறங்குகிறது.

இந்த வினையின் தனிக்குணம் அதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்பது. இடுப்புச் சுமையைத் தானே இறக்கலாம். தலைச்சுமையைத் தானே இறக்கினால் குடம் உடையும், தக்காளி நசுங்கும். எங்கள் வீட்டுக்குக் கைபம்பு அரைக் கிலோமீட்டர். அத்தை தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் கொண்டுவருவாள். வாசலுக்கு வந்ததும் நின்றுகொண்டு 'யாராச்சும் ஒரு கை புடிங்க' என்பாள். நான் முதலில் இடுப்புக் குடத்தை மட்டும் வாங்கினேன், தலைக்கு எட்டாது. ஒரு சித்திரை மாசம், திண்ணைமேல் ஏறி நிற்காமலே என் கை தலைக் குடத்தின் விளிம்பில் பட்டது. அத்தை முழங்காலை மடக்கிக் கொஞ்சம் தாழ்ந்து கொடுத்தாள். கனம் அவள் தலையிலிருந்து என் இரண்டு கைக்கும் வந்தது. தண்ணீர் தளும்பி என் கழுத்தில் வழிந்தது. சும்மாட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, 'வளந்துட்ட' என்றாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெருமை அப்புறம் எந்தப் பரிசிலும் கிடைத்ததில்லை.

யாரும் இல்லாத வழியில் போகிறவர்களுக்காகத்தான் அந்தக் காலத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கல் நிறுத்தி, மேலே ஒரு கல் கிடத்தி, தலை உயரத்துக்கு. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வைக்கும் வழக்கம் உண்டு. இறக்கிவைக்காமலே போன சுமைக்காக, ஊரார் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். குனியாமல் அப்படியே தலையைச் சாய்த்துச் சுமையைக் கல்லின்மேல் தள்ளிவிடலாம், எடுக்கும்போதும் அப்படியே. கல்தான் அங்கே இன்னொரு ஆள்.

அத்தை சுமந்துவந்த அந்தக் கைபம்புத் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். பல் உருவாகிற வயசில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும், எனக்கும் இருக்கிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்த பிறகு காவிரித் தண்ணீர் வந்தது. அப்போது ஒரு நோட்டீஸில் 'பற்கறை களைவோம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். படித்ததும் நாக்கு தன்னால் பல்லைத் தொட்டது. அந்தக் கறை மேலே ஒட்டியது இல்லை, பல்லோடு சேர்ந்து உருவானது. அதைக் களைய முடியாது. இனி வராமல் தடுக்கலாம், பாதிப்பைத் தணிக்கலாம். களை என்ற வினைக்கு எல்லை எங்கே என்று எனக்கு அன்று புரிந்தது.

தீர் என்பது இன்னொன்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடப்பது மக்கள் குறைதீர்க்கும் நாள், குறை களையும் நாள் என்று பெயர் வைக்கவில்லை. தீர்த்தல் என்றால் கணக்கு முடிவது. நீங்கள் அடிக்கிற மனுக்களிலும் 'எங்கள் குறையைத் தீர்த்துவைக்குமாறு' என்றே போடுங்கள். 'குறைகளைக் களையுமாறு' என்றும் போடலாம், பிழையில்லை, படிக்கும்போது 'களைக் களை' என்று ஒருமுறை தட்டும், அவ்வளவுதான்.

கந்துவட்டிக்காரரிடம் பேசப் போனாரே, அதை யோசித்தபோது எனக்கு நம்ம தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) பாட்டு ஒன்று ஞாபகம் வந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடியது, புறநானூற்றில் 102ஆவது பாட்டு. 'எருதே இளைய நுகம் உணராவே, சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே' என்று ஆரம்பிக்கும். மாடுகளோ இளசு, நுகத்தடி பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அங்கே என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும் என்று உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிவைத்திருப்பார்கள். அந்தச் சேம அச்சு போன்றவன் நீ என்கிறார். தொப்பூர் இறக்கத்தில் லோடு லாரியில் ஒருமுறையாவது போனவர்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது. இங்கே அவன் சுமையைக் களையவும் இல்லை, இறக்கவும் இல்லை. வண்டி ஓடுகிறவரை அடியில் கட்டிக்கிடக்கிறான், முறிந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடன் வாங்கியவர்களுக்கு அந்தப் பெரியவர் அப்படித்தான் இருந்திருக்கிறார். ஃபிளெக்ஸில் 'சேம அச்சு' என்று போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது, அதனால் போடச் சொல்லவில்லை. காரியத்தன்று வாத்தியார் நாலு வார்த்தை பேசுவார் இல்லையா? அவரிடம் இந்தப் பாட்டைக் கொடுங்கள்.

ஃபிளெக்ஸுக்கு என் யோசனை இது:

பலர் சுமையை இறக்கிவைத்தவர்

'இறக்கியவர்' என்று நிறுத்தாமல் 'வைத்தவர்' சேர்த்திருக்கிறேன். இறக்கிப் போட்டால் சத்தம் கேட்கும். இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று திரும்பிப் போகலாம். இறக்கிவைப்பவர் சுமை தரையில் பதமாக உட்காரும்வரை கையை எடுப்பதில்லை. கூடைக்கு ஓடிப்போன மனுஷருக்கு இதுதான் பொருந்தும். களைந்தவர்தான் வேண்டும் என்று குடும்பம் விரும்பினால் சுமையை எடுத்துவிட்டுப் 'பலர் துயர் களைந்தவர்' என்று போடுங்கள், அதுவும் அழகான வரிதான். ஆனால் மகன் சுமை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் உண்மை இருக்கிறது, அதை மாற்றாதீர்கள்.

'இறக்கி' என்பதில் வல்லின ற. அவசரத்தில் இடையின ர விழுந்துவிடும், கவனம். 'இறக்கிவைத்தவர்' ஒரே சொல்லாக இருக்கட்டும். படத்துக்குப் பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள், 'இறக்கி' மேலேயும் 'வைத்தவர்' கீழேயுமாக உடைக்க வேண்டாம். அடித்ததும் ஒரு படம் அனுப்புங்கள், பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா